ஹாஜா பாயின் உள்ளங்கால்

இல்லை மாரிமுத்து, நீ சொல்வது பொய். கால் எரிச்சலுக்கு மருந்துப் பட்டை ஒட்டியதால் ஹாஜா பாய் சாகவில்லை. உன் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும், "மரத்துப்போற மருந்த ஒட்டி ஒட்டித்தான் பாய்க்குக் காலு செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதைக் கேட்டுக் கடைத்தெருவில் மூன்று பேர் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, எரிகிற காலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ டீயில் அள்ளிப் போடுகிற சர்க்கரையைவிடவா அந்தப் பட்டை கெடுதல் செய்துவிட்டது? கோபித்துக்கொள்ளாதே. பழி போட ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஏன் என்று இதிலேயே சொல்கிறேன்.

கடைக்காரர்கள் சேர்ந்து போடுகிற அஞ்சலி மலரில் பாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாவது பாதியில் நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

பாய் போன செய்தியை எனக்குச் சொன்னதும் மாரிமுத்துதான். நெல் கொள்முதல் நிலையத்தில் என் குறுவைக் குவியலுக்குப் பக்கத்தில் நான்காவது நாளாக முறைக்குக் காத்திருந்தேன். மேற்கே வானம் கறுத்திருந்தது. போனில், "பக்கிரி, பாய் மௌத்தாயிட்டாரு. தஞ்சாவூர்லேருந்து கொண்டாந்துக்கிட்டு இருக்காங்க" என்றான்.

"எந்தப் பாய்?" என்று கேட்டேன்.

கூத்தாநல்லூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பாய்மேல்தான் விழும். ஆனாலும் எந்தப் பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். மாரிமுத்து, "ஒனக்கு எத்தன பாய்டா இருக்காங்க?" என்றான். தார்ப்பாயை இழுத்து நெல்லின்மேல் போட்டு, நான்கு பக்கமும் செங்கல் வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தேன். ஒரு பக்கத்துக் கல்லை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைய மழையில் நெல் நனைந்தது. அதை மறுநாள்தான் பார்த்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாஜா மைதீன் பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக்கடை போட்டவர். நான் வெண்ணாற்றுக்கு அக்கரையில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன். என் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் எங்கள் வேலை. பக்கிரிசாமி என்ற என் பெயரை முதல் நாள் கேட்டதும் பாய், "பேர்ல பாதி எங்காளு, பாதி ஒங்காளு. எந்தப் பாதிக்குய்யா சுகரு?" என்றார்.

"காலு பூரா எங்காளுதான் பாய். சாமிக்கு நேந்துக்கிட்டு மொட்டப்பாறையில நடந்த மாதிரி எரியுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் கேட்டிருந்த சர்க்கரைக்காரர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்குமா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். கல்லாவுக்குக் கீழே ஓர் ஈரச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் இரண்டு பாதத்தையும் வைத்திருந்தார். ஊருக்கே செருப்பு விற்கிறவர் காலில் செருப்பு இல்லை. "குவைத்து மணலு இன்னும் என் கால விட்டுப் போவலடா பக்கிரி. விமானம் ஏறி கூடவே வந்துருச்சு" என்றார். நான் எரிச்சல் தாங்காமல் வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னேன். "குடுத்து வச்சவன். எனக்குச் சாக்கு, ஒனக்குக் காவேரி" என்றார்.

திருவாரூரில் இருக்கிற டாக்டரம்மாவிடம் என்னை அழைத்துப் போனது அவர்தான். மாத்திரையில் அடங்காத எரிச்சலுக்கு அந்த அம்மா லிடோகெய்ன் பட்டை என்று ஒன்றைக் கொடுத்திருந்தார். பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போட்டு மரக்கச் செய்கிறார்களே, அந்த மருந்துதான். அதைத் துணிமேல் பசையாகத் தடவியிருப்பார்கள். எரிகிற இடத்தில் ஒட்டினால் அடுப்பைத் தணித்த மாதிரி இருக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஒட்டலாம். அடுத்த பன்னிரண்டு மணி நேரம் காலுக்கு ஓய்வு. புண் இருக்கிற இடத்தில் ஒட்டவே கூடாது. "இது எரிச்சலுக்குத்தான் மருந்து. சுகருக்கு இல்ல. மாத்திரைய நிறுத்தினா நான் பொறுப்பில்ல" என்று அந்த அம்மா இரண்டு முறை சொன்னார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தால் யாருக்கும் இரண்டு முறை சொல்லத்தான் தோன்றும்.

பாய் அந்தப் பட்டையை வெட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஏழாம் நம்பர் செருப்பை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, ரப்பர் வெட்டுகிற கத்தரியால் பாதத்தின் வடிவிலேயே வெட்டுவார். இரவு இஷா தொழுதுவிட்டு வந்து ஒட்டிக்கொள்வார். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிடுவார். தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் காலின் தோலில் பட வேண்டும். பகலில் பட்டையை ஒட்டினால் வேளைக்கு வேளை பிய்த்து ஒட்ட வேண்டும். அதனால் அவருக்கு நிம்மதி இரவில் மட்டும். பகல் முழுக்கச் சாக்குத்தான்.

இந்த இடத்தில்தான் எங்கள் முதல் கோணல் வேலை தொடங்கியது. ஒன்பது மணி நேரம் ஒட்டிய பட்டையைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. "இதுல இன்னும் சரக்கு இருக்குடா" என்றார். காலையில் நான் மொபெட்டில் வந்து அதை வாங்கி என் காலில் ஒட்டி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவேன். இப்படி ஒரு மாதம் ஓடியது. எனக்கும் கொஞ்சம் கேட்ட மாதிரித்தான் இருந்தது. அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது நானே வாய் திறந்து மாட்டிக்கொண்டேன்.

"ஒருத்தர் ஒட்டினத இன்னொருத்தர் ஒட்டுறதா? இது என்ன வாடகை சைக்கிளா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. முறைப்பாசனம். ராத்திரி அவருக்குத் தண்ணி, பகல்ல எனக்கு" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பாய் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அந்த அம்மா எனக்குத் தனியாகப் பட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அவரையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னார்: "எரியிற கால்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அது உணர்ச்சி செத்துக்கிட்டு இருக்கிற கால். முள்ளு குத்தினாலும் தெரியாது. பட்டையால இல்ல, சுகரால. தெனமும் உள்ளங்காலக் கண்ணாடி வச்சுப் பாக்கணும். ஒரு நாளும் தவறக் கூடாது."

எரிகிற காலுக்கு முள் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? வெளியே வந்ததும் நான், "இது என்ன நியாயம் பாய்? சும்மா இருக்கயில எரியுதாம், குத்துனா தெரியாதாம்" என்றேன். "சும்மா இருக்கயில சண்டைக்கு வர்றவன்லாம் சண்டைனு வந்தா காணாமப் போயிடுவான். அது மாதிரிதான்" என்றார் பாய்.

கண்ணாடி வைத்துப் பார்க்க அவருக்கும் கண் பற்றாது, எனக்கும் இடுப்பு வளையாது. மறுநாள் காலை கடையில் போய் உட்கார்ந்ததும், தன் மடியைத் தட்டி, "கால இங்க வை" என்றார். நான் வைக்கவில்லை. சேற்றுக்கால். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. எங்கள் ஆட்கள் காலை நீட்டி உட்கார முடியாத தெருக்கள் இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். இன்னொருவர் மடியில் காலைத் தூக்கி வைக்க உடம்பு ஒப்பவில்லை. "வேணாம் பாய், நானே பாத்துக்குறேன்" என்றேன்.

"முப்பது வருசமா ஊரு காலத்தான் புடிச்சு அளவு பாக்குறேன். ஒங்காலு என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? வைடா" என்று சொல்லி, குனிந்து அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தார். குதிகால் வெடிப்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். என் காலை அப்படி யாரும் பிடித்ததில்லை. கட்டிக்கொண்டவள்கூட.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காலை எட்டு மணிக்கு அவர் என் காலைப் பார்ப்பார், நான் அவர் காலைப் பார்ப்பேன். செருப்பு வாங்க வருகிறவர்கள் இரண்டு கிழவர்கள் பாதம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நிற்பார்கள். "ஜோசியம் பாக்குறோம் தம்பி. கைரேகைக்குக் கூட்டம் ஜாஸ்தி, அதான் கால் ரேகை" என்பேன்.

பட்டையை எடுத்தபின் பசை கொஞ்சம் தோலிலேயே தங்கிவிடும். வெறுங்காலோடு பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடக்கும்போது அதில் தூசி ஏறிக் கறுப்பாகிவிடும். தினமும் ஒரு வடிவத்தில் இருக்கும். நான் அதற்குப் பெயர் வைப்பேன். "இன்னைக்கு இலங்கை பாய்." "இன்னைக்கு அந்தமான்." "இன்னைக்கு ஒங்க குவைத்தே வந்துருச்சு." பெயர் சொன்ன பிறகு பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். அவரும் காலை நீட்டும்போதே, "இன்னைக்கு எந்த ஊருக்குடா விசா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சம்பாவுக்கு யூரியா வந்திருந்த நாள். சொசைட்டியில் வரிசை நிற்கிறது, சீக்கிரம் வா என்று பக்கத்து வயல்காரர் போன்மேல் போன் செய்துகொண்டிருந்தார். நான் உட்காராமலே பாயின் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது சுண்டு விரலுக்குக் கீழே கறுப்பாக இரண்டு மூன்று புள்ளி. "மாலத்தீவு" என்றேன். அவர் சிரித்தார். பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. விரலால் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப பசைதான். பழைய பசை. எண்ணெய்ல ஊறட்டும், நாளைக்கு வரும்."

எண்ணெயைத் தடவிவிட்டு மொபெட்டை எடுத்தேன். வலிக்காத காலில் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவர் இல்லை என்றதை நம்பிவிட்டுப் போனேன். முள் குத்தினாலும் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று யூரியா கிடைக்கவில்லை. மறுநாளும் வரிசை. அதற்கு மறுநாள் அடி உரம் போட ஆள் பிடித்தேன். நான்காம் நாள் போனபோது பாய் காலுறை போட்டிருந்தார். கடை முழுக்க அத்தர் வாசனை. "என்ன பாய், மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?" என்றேன். "போடா, நேரமாச்சு, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவருக்கு அப்போதே புண்ணின் நாற்றம் தெரிந்திருக்கிறது. காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அந்தக் காலுறையைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். மகள் ஜுலைஹா மன்னார்குடியில் பள்ளிக்கூட டீச்சர். அவள் வந்து தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. நான் பார்க்கப் போனபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"எரியுதா பாய்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"எரியுதுடா. இருக்குற காலு இல்ல, எடுத்த காலு எரியுது. இப்ப பட்டைய எங்க ஒட்டுறது, சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்நாளில் அவர் சொல்லி நான் சிரிக்காதது அது ஒன்றுதான். ஜுலைஹா மருந்து வாங்க வெளியே போனதும் கையை அசைத்துக் கிட்டத்தில் கூப்பிட்டார். "அது மாலத்தீவு இல்லடா பக்கிரி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இவகிட்ட சொல்லிராத. ஒன்ன உரிச்சுத் தொங்க விட்டுருவா. நானும்தான் பாக்கல. எங்காலுதானே?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஒன்பதாம் நாள் மாரிமுத்துவின் போன் வந்தது.

சந்தூக்குப் பெட்டியில் வைத்து அவரை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டு போகும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். கனமே இல்லை. மண் போடும்போது எல்லோரும் மூன்று கை அள்ளிப் போட்டார்கள். நானும் போட்டேன். திரும்பி வரும்போது ஜுலைஹா வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள்.

"டாக்டர்ட்ட கேட்டேன் மாமா. பட்டையால இல்லன்னாங்க. தெனமும் யாராவது அந்தக் கால ஒரு தடவ பாத்துருந்தா போதும்னாங்க. எங்கத்தா கால யாருமே பாக்கல மாமா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வந்தேனே, நான்கூட பாக்கல."

அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாய் சொல்லாதே என்றாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாய் பேச்சுக்குக் கட்டுப்பட்டது அல்ல. வெறும் பயம்.

அதன் பிறகு இரண்டு கதை ஊரில் நடந்தது. மாரிமுத்து பட்டைமேல் பழி போட்டான். ஜுலைஹா தன்மேலேயே போட்டுக்கொண்டாள். வகுப்பில் பாடம் நடத்தும்போதே அழுகிறாள், லீவு போடச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் கால் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாய் போன பிறகு நானும் பட்டையை ஒட்டவில்லை. அதற்கு மாரிமுத்து சொன்னது காரணமில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனேன். ஜுலைஹா செருப்புப் பெட்டிகளை அடுக்கிச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரன் வண்டி வரப் போகிறது, திருப்பி அனுப்ப வேண்டும் என்றாள். நான் வழக்கமாக உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்து, "தாயி, ஒண்ணு சொல்லணும். அத்தா கால யாரும் பாக்கலன்னு நெனக்கிறியே, அது இல்ல. தெனமும் பாத்தேன். நான்தான் பாத்தேன்" என்றேன்.

அவள் கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். பசை, எண்ணெய், யூரியா, காலுறை, அத்தர். மாலத்தீவையும் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த ஏழாம் நம்பர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சொல்லாதன்னாரு. அதனால சொல்லலன்னு சொன்னா பொய்யி. பயந்துக்கிட்டுத்தான் சொல்லல. நீ உன்ன திட்டிக்கிறத நிறுத்து. திட்டணும்னா என்னத் திட்டு" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பெட்டியைத் தூக்கி என் தலையில் அடித்தால்கூடச் சரி என்று இருந்தேன். அவள் சணலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ரோட்டில் ஒரு பேருந்து போய், இன்னொன்று வந்தது. பிறகு நிமிர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப உங்க கால யாரு மாமா பாக்குறா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. பதில் இல்லாதபோது என் நாக்கு தானாக ஆடும். அறுபது வருடப் பழக்கம்.

"வயல்ல நண்டு பாக்குது தாயி. தெனமும் ஒரு கிள்ளு கிள்ளிப் பாத்துட்டு, உயிர் இருக்குதுன்னு போயிடுது."

சொன்ன உடனே அது என்ன பேச்சு என்று எனக்கே தெரிந்தது. ஜுலைஹா என்னை ஒரு தடவை பார்த்தாள். கட்டிய பெட்டியைக் கீழே வைத்தாள். படியில் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"இல்ல ஜுலைஹா, வெளயாட்டுக்குச் சொல்லிட்டேன். நில்லு. நெசத்த சொல்றேன். யாரும் பாக்கல. எங்காலப் பாத்த ஒரே ஆளு ஒங்கத்தாதான்..."

மன்னார்குடி பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. முக்காலியைவிட்டு எழுந்து நான் காலை ஊன்றுவதற்குள் அவள் ரோட்டைக் கடந்து அதில் ஏறிவிட்டாள்.